சுமை தாங்கிய குதிரை

குதிரைப் பந்தயம் என்றதுமே நமது நேயர்களில் பலர் முகத்தைச் சுளிப்பார்கள். பந்தயத்தில் பணத்தை வைத்துக் குடி கெட்டவர்களின் கதைகளை நாமும் அறிவோம். ஆனால் இவ்வாரம் நாம் சொல்லப் புகுவது பணம் கட்டியவர்களைப் பற்றியல்ல. ஓடிய ஜீவனைப் பற்றியே.

அயர்லாந்து தேசத்தாருக்கும் குதிரைக்கும் உள்ள உறவு மிகப் பழையது. 1752-ஆம் வருஷத்தில் அங்கே கார்க் என்னும் பிரதேசத்தில் இரு கனவான்கள், ஒரு தேவாலயக் கோபுரத்திலிருந்து மற்றொரு தேவாலயக் கோபுரம் வரையில், வேலி, சுவர், வாய்க்கால் எது குறுக்கிட்டாலும் தாண்டிக் கொண்டு குதிரையில் போட்டியிட்டார்களாம். கோபுரத்தைக் குறியாக வைத்து ஓடியதனாலேயே தடை தாண்டும் பந்தயத்துக்கு 'ஸ்டீபிள்சேஸ்' என்ற பெயர் வந்தது.

அந்தப் பந்தயத்தில் நிகரற்றதென்று பெயர் எடுத்த ஆர்க்கிள், 1957-ல் அயர்லாந்தில் பிறந்தது. 1960-ல் வெஸ்ட்மின்ஸ்டர் சீமாட்டி ஆன் அதை 1,150 கினிக்கு வாங்கி, ஸ்காட்லாந்திலுள்ள ஒரு மலையின் பெயரை அதற்கு இட்டார். பழக்கியவர் டாம் டிரீப்பர். ஏறி ஓட்டியவர் பாட் டாஃப்.

அக்காலத்தில் இங்கிலாந்தில் பழக்கப்பட்டு வந்த மில் ஹவுஸ் என்னும் பெருங்குதிரையை வெல்ல ஒன்றும் இல்லையென்றே எல்லோரும் எண்ணியிருந்தார்கள். 1963 நவம்பரில் இரண்டும் முதன்முறை சந்தித்தபோது, ஆர்க்கிள் ஒரு தடையைத் தாண்டிய இடத்தில் சறுக்கி, மூன்றாவதாகவே வந்தது. ஆனால் 1964 மார்ச்சில் செல்ட்டனாம் தங்கக் கோப்பைப் பந்தயத்தில் மில் ஹவுஸை ஐந்து குதிரை நீளத்தில் பின்தள்ளியது. மறு வருஷம் அதே கோப்பைக்கு இருபது நீளம் முந்திற்று. அதற்கடுத்த வருஷம் முப்பது நீளம்!

தங்கக் கோப்பைப் பந்தயங்கள் சமமான சுமையுடன் ஓடியவை. வேறொரு வகைப் பந்தயமும் உண்டு. அதில் வல்ல குதிரைக்கு அதிகச் சுமையும் மற்றவற்றுக்குக் குறைந்த சுமையும் கட்டி, எல்லாம் ஒன்றாக வந்து சேரும்படி கணக்கிடுவார்கள். ஏறச் சொன்னால் எருதுக்குக் கோபம், இறங்கச் சொன்னால் நொண்டிக்குக் கோபம் என்ற கதைதான் அக்கணக்கரின் பாடு. ஆர்க்கிள் விஷயத்தில் கணக்கே உடைந்து போயிற்று. கடைசியில் அயர்லாந்துப் பந்தய அதிகாரிகள் ஆர்க்கிள் ஓடினால் ஒரு கணக்கு, ஓடாவிட்டால் வேறொரு கணக்கு என்று இரண்டு பட்டியல்கள் எழுதி வைத்தார்கள். ஒரு குதிரைக்காகச் சட்டத்தையே மாற்றிய மரியாதை இது!

1964-ல் அயர்லாந்தின் கிராண்டு நேஷனல் பந்தயத்தில், இரண்டாவதாக வந்த குதிரையைவிட 30 ராத்தல் அதிகம் சுமந்தும் ஆர்க்கிள் வென்றது. லிவர்ப்பூல் நகரின் அருகே நடக்கும் பெரிய கிராண்டு நேஷனலுக்கு மட்டும் அதைச் சீமாட்டி அனுப்பவே இல்லை. அங்குள்ள தடைகளில் அதற்கு ஆபத்து நேருமென்று அவர் அஞ்சினார். புகழைவிட உயிரைப் பெரிதாக எண்ணிய அந்த மனத்தை நாம் மெச்சுகிறோம்.

ஆயினும் ஆபத்து வேறிடத்தில் காத்திருந்தது. 1966 டிசம்பர் 27-ஆம் தேதி, இங்கிலாந்தில் கெம்ப்டன் மைதானத்தில் 175 ராத்தல் சுமையுடன் ஓடிய ஆர்க்கிளுக்கு, முன்னங்கால் குளம்பினுள் எலும்பு முறிந்தது. அப்படியும் அது நிற்கவில்லை. மிஞ்சிய தடைகளையும் தாண்டி ஓடி, ஒரே ஒரு நீளத்தில் தோற்று, இரண்டாவதாக வந்தது. நொண்டியதைக் கண்ட பிறகுதான் விஷயம் வெளியாயிற்று. ஊர் பெயர்கூட இல்லாமல் 'ஆர்க்கிள், அயர்லாந்து' என்று மட்டும் எழுதிய கடிதங்களும் அதற்குத் தவறாமல் போய்ச் சேர்ந்தன என்பார்கள்.

எலும்பு கூடியது, ஆனால் ஆர்க்கிள் மறுபடியும் பந்தயத்தில் இறங்கவில்லை. மூட்டுகளில் வலி மிகுந்து நிற்கவும் முடியாமற் போனபோது, 1970 மே 31-ல் துன்பமின்றி அதன் உயிரைப் போக்கினார்கள். அதன் எலும்புக் கூடு அயர்லாந்தின் தேசியக் குதிரைப் பண்ணையில் காட்சிக்கு வைக்கப்பட்டிருக்கிறது.

ஓடிய 35 பந்தயங்களில் ஆர்க்கிள் வென்றவை 27. ஆனால் நம் நெஞ்சில் நிற்பது அது தோற்ற கடைசிப் பந்தயமே. சுமக்க வல்லவன் முதுகில் மேலும் சுமையேற்றுவது உலக வழக்கம். வீட்டிலும் அப்படித்தான், காரியாலயத்திலும் அப்படித்தான். வாயுள்ள மனிதனாவது 'போதும்' என்று சொல்லலாம். வாயில்லாத ஜீவன் ஓடித்தான் காட்டும். அதன் வலியை முன்கூட்டி அறிந்துகொள்வது ஏறியிருப்பவர்களின் கடமை அல்லவா?