எவ்வளவு தூரம் எட்டும்?



உங்கள் இல்லத்திலும் ஒன்று இருக்கக்கூடும். வளைகுடாவிலிருந்து விடுமுறையில் வந்த மாமா வாங்கித் தந்த ரிமோட் காராகவோ, பிள்ளை தானே உதிரிப் பாகங்களைக் கோத்துச் செய்த சிறு விமானமாகவோ அது இருக்கும். முதல் வாரம் முற்றத்தில் ஓடும், அடுத்த வாரம் தெருவுக்கு வரும், அதற்கடுத்த வாரம் பிள்ளை கேட்பான்: "அத்தா, இது இன்னும் தூரம் போகணும்னா என்ன செய்யணும்?" தந்தையர் பலர், "பெரிய பேட்டரி போடு" என்று சொல்லிவிட்டுச் செய்தித்தாளுக்குத் திரும்பிவிடுகின்றனர். விடை அதுவன்று. அளவுக்கு மீறிய வோல்ட் கொண்ட பேட்டரியைப் பொருத்தினால் பெரும்பாலும் கருவிதான் கருகிப் போகும்.

கைக்கருவியிலிருந்து புறப்படும் அலை, விளக்கொளியைப் போல விரிந்துகொண்டே செல்கிறது. தொலைவு இரு மடங்கானால் அதன் வலிமை நான்கில் ஒரு பங்காகிவிடுகிறது. 100 மீட்டர் எட்டும் கருவியை 200 மீட்டர் எட்டச் செய்ய நான்கு மடங்கு ஆற்றல் வேண்டும். ஒரு கிலோமீட்டர் எட்டச் செய்ய நூறு மடங்கு வேண்டும். இதுவும் வெட்டவெளிக் கணக்கே. தரையை ஒட்டி ஓடும் காருக்கு, மண்ணில் பட்டுத் திரும்பும் அலையும் நேரே வரும் அலையும் ஒன்றையொன்று கெடுப்பதால், நிலைமை இன்னும் மோசம்.

ஆற்றலைவிட உயரமே பெரிது என்பதற்கு மதுரைக்காரர்களாகிய நாம் வெளியூரில் சான்று தேட வேண்டியதில்லை. 100.5 மெகாஹெர்ட்ஸில் ஒலிக்கும் கொடைக்கானல் பண்பலையை மேலூர் வயல்வெளியிலும் திருமங்கலம் செல்லும் பேருந்திலும் கேட்டிருப்பீர்கள். நேர்கோட்டில் அது நம் நகரிலிருந்து ஏறத்தாழ 75 கிலோமீட்டர் தொலைவு. அந்த ஒலிபரப்பியை வைகைக் கரையில் நிறுத்தியிருந்தால் இத்தனை மாவட்டங்களுக்கு அது எட்டியிராது. நம் சமவெளியைவிட ஏறத்தாழ 2,000 மீட்டர் உயரத்தில் நிற்பதால் அதன் அடிவானம் 180 கிலோமீட்டர் வரை விரிகிறது. ஒன்றரை மீட்டர் உயரத்தில் பிள்ளை கையில் பிடித்திருக்கும் கருவிக்கோ, எத்தனை வாட் ஊட்டினாலும், தரைமட்டத்து அடிவானம் ஐந்து கிலோமீட்டரே. இடையில் ஒத்தக்கடை யானைமலை போன்றதொரு பாறை படுத்துக் கிடந்தால் அதுவும் இல்லை.

இன்னொன்றும் நினைவுக்கு வருகிறது. இலங்கையில் 1982-ஆம் ஆண்டு ரூபவாஹினி தொடங்கியபின், நம் தென்கடலோர ஊர்களில் மொட்டை மாடிதோறும் நெடிய குழாய்களில் ஆண்டெனாக்கள் ஏறின. அவற்றோடு 'பூஸ்டர்' என்ற சிறு பெட்டியும் ஏறியது. அந்தப் பூஸ்டர் கேட்கும் செவியைத்தான் கூர்மையாக்கியது. பேசும் வாயை அன்று. அதனால் பக்கத்து வீட்டாருக்குப் பொதுவாகத் தொல்லை இல்லை. இப்போது பிள்ளைகள் தேடும் பூஸ்டரோ பேசுகின்ற பக்கத்தில், அதாவது கைக்கருவியில் பொருத்துவது. பெயர் ஒன்றேயாயினும் இரண்டும் வேறு வேறு.

முதலில் செவியையும் ஏரியலையும் கவனிக்கச் சொல்லுங்கள். 27 மெகாஹெர்ட்ஸ் கருவியின் அலைநீளம் 11 மீட்டர். அதற்குரிய கால் அலை ஏரியல் 2.75 மீட்டர் நீளம் வேண்டும். கையில் தருவதோ ஒரு மீட்டருக்கும் குறைவு. அதையும் பாதி இழுத்து விளையாடினால் எட்டுமா? முழுவதும் இழுக்க வேண்டும். காரிலுள்ள ஏற்பியின் கம்பியைச் சுருட்டி உள்ளே திணிக்காமல் நிமிர்த்தி வைக்க வேண்டும். புதிய 2.4 கிகாஹெர்ட்ஸ் கருவிகளில் கால் அலை என்பது மூன்று சென்டிமீட்டர்தான். அங்கே நீளக் கம்பியைக் கட்டினால் இருப்பதும் கெடும். ஏரியலின் நுனியை விமானத்தை நோக்கித் துப்பாக்கிபோல நீட்டுவது எல்லாப் பிள்ளைகளும் செய்வது. நுனியின் திசையில்தான் அலை மிகக் குறைவு. பக்கவாட்டில் பிடிக்க வேண்டும். கருவிக்கும் விமானத்துக்கும் இடையே தம் உடல் வராமலும் பார்த்துக்கொள்ள வேண்டும். உடலிலுள்ள நீர் அந்த அலையை உறிஞ்சிவிடும். இவற்றுக்கு ஒரு காசும் செலவில்லை.

இவ்வளவுக்குப் பிறகும் பிள்ளை பூஸ்டர்தான் கேட்டால், அவனுக்கு ஒரு பெருக்கல் கணக்குக் கொடுங்கள். செம்மையாகச் செய்யப்படாத பெருக்கி, தனக்குரிய அலைவரிசையோடு அதன் மடங்குகளையும் சேர்த்து உமிழும். 27-ஐ ஐந்தால் பெருக்கினால் 135. விமானிகளும் கட்டுப்பாட்டு நிலையத்தாரும் பேசிக்கொள்வது 118 முதல் 137 மெகாஹெர்ட்ஸ் வரையிலான வரிசையில். நம் விமான நிலையமோ அவனியாபுரத்துக்கு அப்பால், நகரின் தெற்கெல்லையிலேயே இருக்கிறது. பெருமழை நாளில் இருநூறு உயிர்களைச் சுமந்து இறங்கும் விமானியின் காதில் நம் வீட்டு மாடியிலிருந்து ஓர் இரைச்சல் விழலாமா?

சட்டமும் எல்லை வகுத்திருக்கிறது. நம் நாட்டில் உரிமம் இன்றிப் பயன்படுத்த 26.957 முதல் 27.283 மெகாஹெர்ட்ஸ் வரை விலக்கு உண்டு. உச்ச ஆற்றல் 5 வாட். 2.4 கிகாஹெர்ட்ஸில் ஏரியலின் பெருக்கத்தையும் சேர்த்து 4 வாட். ஒலிபரப்பியை உரிமமின்றி வைத்திருப்பதையே குற்றமாக்கியது 1933-ஆம் ஆண்டின் கம்பியில்லாத் தந்திச் சட்டம். அதற்கும் 1885-இன் தந்திச் சட்டத்துக்கும் மாற்றாக 2023-இல் தொலைத்தொடர்புச் சட்டம் இயற்றப்பட்டது. பறப்பனவற்றுக்கு 2021-இன் டிரோன் விதிகளும் உண்டு: விமான நிலையச் சுற்றெல்லையிலிருந்து 8 முதல் 12 கிலோமீட்டர் வரையுள்ள வளையத்தில் 200 அடிக்கு மேல் அனுமதியின்றிப் பறக்கவிடலாகாது, அதற்கும் உள்ளே கட்டுப்பாடு இன்னும் கடுமை.

ஆனாலும் 'கூடாது' என்று மட்டும் சொல்லி அனுப்பினால் ஆர்வமுள்ள பிள்ளை ஒளித்துவைத்துச் செய்வான். தொலைதூரம் பேச வேண்டும் என்பதே அவன் வேட்கையாயின் அமெச்சூர் ரேடியோ என்ற நேர்வழி இருக்கிறது. 12 வயது நிறைந்தவர் தேர்வு எழுதி உரிமம் பெறலாம். 2004 டிசம்பரில் ஆழிப்பேரலை அந்தமானைத் தாக்கித் தொலைபேசிகள் ஊமையானபோது, போர்ட் பிளேரில் அப்போது முகாமிட்டிருந்த பாரதி பிரசாத் என்ற உரிமம் பெற்ற பெண்மணியும் அவர் குழுவினரும்தான் ரேடியோ வழியே உயிரோடிருப்போர் செய்திகளைத் தாயகத்துக்கு அனுப்பிக்கொண்டிருந்தனர். தேர்வில் மின்னியலின் அடிப்படையும் விதிமுறைகளும் கேட்கப்படும். பெண்பிள்ளைகளும் எழுதலாம் என்பதைத் தாய்மார்களுக்குத் தனியே சொல்லி வைக்கிறேன்.