பெரியம்மாவின் மஞ்சள் பை

தாம்பரத்தை அடுத்த இரும்புலியூரில் நாற்பது வருஷங்களுக்கு மேலாக ஒரே வீட்டில் வாழ்ந்துவந்த என் பெரியம்மா, ஒருநாள் மாலை விளக்கு வைக்கும் வேளையில், ஒரு புடவையையும் வெற்றிலைப் பெட்டியையும் மஞ்சள் பையில் திணித்துக்கொண்டு வாசலில் வந்து நின்று, "நேரமாச்சு, நான் வீட்டுக்குப் போகணும்" என்றாள். இதுதான் அவள் வீடு என்று மகன் எத்தனையோ விதமாக எடுத்துச் சொல்லியும், வீட்டுப் பத்திரத்தையே கொண்டுவந்து காட்டியும், அவள் தேம்பி அழுதாளேயன்றிச் சமாதானமடையவில்லை. மறுநாளும் அவ்வாறே பையுடன் புறப்பட்டபோது, மருமகள் எதிர்வார்த்தை ஒன்றும் பேசாமல், "வாங்க அத்தை, நானே கொண்டுபோய் விடறேன்" என்று கையைப் பிடித்துக்கொண்டு, ஏரிப் பக்கம் சிறிது தூரம் நடத்திச் சென்று, அதே வாசலுக்குத் திரும்ப அழைத்துவந்தாள். பெரியம்மா காலைக் கழுவிக்கொண்டு, ஊரிலிருந்து வந்தவளைப் போல நிம்மதியாகக் கூடத்தில் உட்கார்ந்தாள்.

இதே மருமகளைத்தான், அதற்கு இரண்டு வருஷங்களுக்கு முன்பு, தன் சங்கிலியைத் திருடிவிட்டாள் என்று பெரியம்மா தெருவறியப் பழித்திருந்தாள். சங்கிலி பிற்பாடு அரிசி டப்பாவில் அகப்பட்டது. அதை மாமியார் மருமகள் சச்சரவு என்றும், பிராயம் சென்றவர்களின் சுபாவம் என்றும் சொல்லி நாங்கள் எல்லோரும் ஒதுக்கிவிட்டோம். 1906-ல் ஜெர்மானிய வைத்தியர் அலாய்ஸ் அல்சைமர், டிமென்ஷியா என்னும் இந்த ஞாபகச் சிதைவின் வகைகளுள் ஒன்றான, தம் பெயரால் இன்று அழைக்கப்படும் வியாதியை முதன்முதலாக விவரித்தபோது, அவர் கண்ட பெண்மணியிடமும் ஆரம்ப லட்சணமாகத் தோன்றியது மறதியன்று, கணவன்மேல் எழுந்த காரணமற்ற சந்தேகமே என்பதை அன்று அறிந்திருந்தால், நிரபராதியான ஒரு பெண் அத்தனை கண்ணீர் விட்டிருக்க நேர்ந்திராது.

மூக்குக்கண்ணாடியை எங்கே வைத்தோமென்று தேடுவது யாவர்க்கும் உள்ளதுதான். ஐம்பது வருஷமாகத் தன் கையால் கூட்டிவைத்த குழம்பில் புளியை எப்போது கரைத்துவிடுவது என்று அறியாமல் அடுப்பின் முன் திகைத்து நிற்பது அப்படிப்பட்டதன்று. இத்தகைய மாற்றத்தைக் கண்டவுடன் வைத்தியரிடம் அழைத்துச் செல்வதில் பிரத்தியட்சமான பிரயோஜனம் உண்டு. ஏனெனில் தைராய்டு சுரப்புக் குறைவு, வைட்டமின் பி12 பற்றாக்குறை, மனச்சோர்வு ஆகியவையும் இதே வேஷத்தில் வருவதுண்டு. இவை சிகிச்சைக்குக் கட்டுப்படுபவை. உண்மையான டிமென்ஷியாவாகவே இருந்தாலும், ஜி.எஸ்.டி. சாலையின் வாகன வெள்ளத்துக்கு இவ்வளவு அருகில் குடியிருக்கும் நமக்கு, முதியவர் தனியே புறப்பட்டுப் போவதற்கு முன்பே எச்சரிக்கையாயிருக்க அவகாசம் கிடைக்கும்.

நம் நாட்டில் அறுபது வயதைக் கடந்தோரில் நூற்றுக்கு 7.4 பேர், ஏறத்தாழ 88 லட்சம் ஜனங்கள், இந்நோயுடன் வாழ்வதாக ஓர் ஆய்வு மதிப்பிட்டிருக்கிறது. முதியோர் வைத்தியத்தில் சென்னைக்கு நீண்ட பாரம்பரியம் உண்டு. சென்னை அரசு பொது மருத்துவமனையில் டாக்டர் வி.எஸ். நடராஜன் முதியோருக்கெனத் தனிப்பிரிவு தொடங்கியது 1978-ல். டாக்டர் சாரதா மேனன் 1984-ல் தோற்றுவித்த ஸ்கார்ஃப் என்னும் மனநல நிறுவனம் டிமென்ஷியா பராமரிப்பிலும் பணிபுரிகிறது. 2024-ல் கிண்டியில் தேசிய முதியோர் மருத்துவமனையும் திறக்கப்பட்டுவிட்டது. ஆயினும் வீட்டிலிருந்தே வீட்டுக்குப் போகவேண்டும் என்று அழும் ஒருவரைத் தாம்பரத்தில் ரயிலேற்றிக் கிண்டிக்குக் கொண்டுபோய்ச் சேர்ப்பது எத்தனை சிரமம் என்பதை, அதைச் செய்து பார்த்தவர்களே அறிவர்.

ஆகையால் என் அபிப்பிராயத்தைச் சொல்கிறேன். 2021-ல் தொடங்கிய 'மக்களைத் தேடி மருத்துவம்' திட்டத்தின் ஊழியர்கள் ரத்தக்கொதிப்புக்கும் சர்க்கரைக்கும் வீடு தேடி வந்து மாத்திரை கொடுக்கிறார்கள். அவ்விரண்டும் டிமென்ஷியாவுக்கும் வழிகோலுபவை என்பதால், அதே திண்ணையில் அமர்ந்து முதியவரின் ஞாபகத்தைப் பற்றியும் நாலு கேள்வி கேட்கும்படி அவர்களுக்குப் பயிற்சியளிப்பது அரசாங்கத்துக்கு அசாத்தியமான காரியமன்று. அப்படிக் கேட்டு முடித்தபின், கதவோரம் நின்றுகொண்டிருக்கும் மருமகளையோ மகளையோ பார்த்து, "ராத்திரி நீங்க தூங்கினீங்களாம்மா?" என்றும் அவர்கள் கேட்கவேண்டும். எங்கள் வீட்டில் அதை ஒருவரும் கேட்கவில்லை.