யுரேனஸ் வளையமும் ஒரு சஸ்பென்ஸ் அக்கவுண்ட்டும்

முதலிலேயே சொல்லிவிடுகிறேன். நான் படிப்பது பி.காம். பிசிக்ஸ் பக்கம் பத்தாவதோடு தலைவைத்துப் படுத்ததில்லை. வீடு திருவொற்றியூரில். இங்கே ராத்திரி அண்ணாந்து பார்த்தால் துறைமுக விளக்கு, கன்டெய்னர் லாரி வெளிச்சம், எண்ணூர்ப் பக்கத்துப் புகை, இவ்வளவுதான். நட்சத்திரங்களை விரல்விட்டு எண்ணிவிடலாம். இப்படிப்பட்ட ஆள் வானியலைப் பற்றி எழுதலாமா? எழுதலாம் என்றுதான் நினைக்கிறேன். ஏனென்றால் இது கணக்கு வழக்கு சம்பந்தப்பட்ட விஷயமும்கூட.

போன வாரம் கல்லூரி கேன்டீனில் ஒரு சண்டை. "யுரேனஸுக்கு வளையம் இருக்குன்னு கண்டுபிடிச்சது நம்ம காவலூர்க்காரங்கதான் மச்சான். அமெரிக்காக்காரன் பேரைத் தட்டிக்கிட்டுப் போயிட்டான்" என்றான் ஒரு நண்பன். "போடா, நம்மகிட்ட அதுக்கெல்லாம் ஏது வசதி? ராக்கெட் விட்டாத்தான் அதெல்லாம் தெரியும்" என்றான் இன்னொருவன். இரண்டு பேர் சொன்னதும் தப்பு என்பதுதான் என் கட்சி.

முதலில் இரண்டாமவனுக்குப் பதில். யுரேனஸ் நம்மிடமிருந்து ஏறக்குறைய 270 கோடி கிலோமீட்டர் தூரத்தில் இருக்கிறது. அதன் வளையங்களில் பெரும்பாலானவை 10 கிலோமீட்டர் அகலம்கூட இல்லாதவை. அதாவது ராயபுரத்திலிருந்து எண்ணூர் போகிற தூரம்கூடக் கிடையாது. நிறமோ கரி மாதிரி கறுப்பு. அப்புறம் எப்படிக் கண்டுபிடித்தார்கள்?

காசிமேட்டுக் கரையில் ராத்திரி நின்று பாருங்கள். தூரத்தில் நங்கூரம் போட்ட கப்பலின் விளக்கு தெரியும். திடீரென்று அந்த விளக்கு அணைந்து மறுபடி எரியும். விளக்கு அணையவில்லை. நடுவில் வெளிச்சமில்லாத படகு ஒன்று குறுக்கே போயிருக்கிறது. படகை நீங்கள் பார்க்கவே இல்லை. ஆனால் அது போகிற வேகம் தெரிந்தால், விளக்கு எத்தனை நொடி மறைந்தது என்பதை வைத்துப் படகின் நீளத்தைச் சொல்லிவிடலாம்.

வானியலில் இதற்கு நட்சத்திர மறைப்பு என்று பெயர். ஒரு கோள் தொலைதூர நட்சத்திரம் ஒன்றின் குறுக்கே போகும்போது அந்த நட்சத்திரத்தின் ஒளி எப்போது, எவ்வளவு குறைகிறது என்று அளப்பார்கள். ராக்கெட் தேவையில்லை. ஓரளவு நல்ல தொலைநோக்கி, துல்லியமான கடிகாரம், ஒளியை அளக்கும் கருவி, இருட்டான வானம் போதும். முக்கியமாக, சரியான இடத்தில் இருக்க வேண்டும். 2019 டிசம்பர் 26 கிரகணம் ஞாபகம் இருக்கிறதா? கோவையிலும் திண்டுக்கல்லிலும் சூரியன் முழு வளையமாகத் தெரிந்தது. சென்னையில் நாம் பார்த்தது கடித்த அப்பளம்தான். நட்சத்திர மறைப்பும் அப்படித்தான். நிழல் எங்கே விழுகிறதோ அங்கே இருப்பவனுக்குத்தான் அதிர்ஷ்டம்.

1977 மார்ச் 10 அன்று யுரேனஸ் ஒரு நட்சத்திரத்தை மறைக்கப் போகிறது என்று கணித்திருந்தார்கள். அதைப் பார்க்க வசதியான இடம் இந்தியப் பெருங்கடலும் அதைச் சுற்றிய நாடுகளும். அமெரிக்காவின் ஜேம்ஸ் எலியட் குழு கைப்பர் பறக்கும் ஆய்வகம் என்ற விமானத்தில் தொலைநோக்கியோடு கடலுக்கு மேலே பறந்தது. நம் ஜவ்வாது மலையில், வாணியம்பாடிக்குப் பக்கத்தில் இருக்கும் காவலூரில், 1 மீட்டர் தொலைநோக்கியோடு ஜே.சி.பட்டாச்சார்யாவும் கே.குப்புசாமியும் காத்திருந்தார்கள்.

காவலூரிலும் ஒளி சரிந்தது பதிவானது. அதை வைத்து அவர்கள் 'நேச்சர்' இதழில் என்ன எழுதினார்கள் தெரியுமா? 'யுரேனஸுக்கு ஒரு புதிய துணைக்கோள்' என்று! வளையம் என்று சொல்லவில்லை. நிலா என்றார்கள்.

இங்கேதான் என் காமர்ஸ் மூளை வேலை செய்கிறது. நிலா என்பது ஒற்றைப் பதிவு. ஒரு பக்கம் மட்டும் ஒளியை மறைத்துவிட்டுப் போய்விடும். வளையம் என்பது இரட்டைப் பதிவு. அது கோளைச் சுற்றி இருப்பதால் நட்சத்திரம் உள்ளே போகும்போது ஒரு முறை, வெளியே வரும்போது ஒரு முறை, அதே தூரத்தில் மறைய வேண்டும். இந்தப் பக்கம் டெபிட் என்றால் அந்தப் பக்கம் கிரெடிட். எலியட் குழு கணித்த நேரத்துக்கு வெகு முன்பே கருவியை ஓடவிட்டிருந்தது. கோள் மறைப்பதற்கு முன்னால் ஐந்து சரிவு, பின்னால் ஐந்து சரிவு. இரண்டு பக்கமும் டேலி! அதனால்தான் வளையம் என்று அடித்துச் சொல்ல முடிந்தது. அந்தப் பெயர் அவர்களுக்குப் போனது நியாயம்தான். யாரும் எதையும் தட்டிக்கொண்டு போகவில்லை.

சரி, அப்படியென்றால் காவலூருக்குப் பூஜ்யமா? அதுவும் இல்லை. அதே வருடம் பட்டாச்சார்யா, ஆய்வகத்தை உருவாக்கிய வைணு பாப்புவோடு சேர்ந்து அதே 'நேச்சர்' இதழில் இன்னொரு கட்டுரை எழுதினார். இந்த முறை தலைப்பு, சனியைப் போன்ற வளைய அமைப்பு யுரேனஸைச் சுற்றி இருப்பதாக. முன்பு நிலா என்று எழுதிவிட்டோமே என்று பிடிவாதம் பிடிக்கவில்லை. எனக்கு இதுதான் பெரிய விஷயமாகத் தெரிகிறது.

பாரிமுனையில் ஒரு ஆடிட்டர் ஆபீஸில் கொஞ்ச நாள் பயிற்சிக்குப் போனேன். ட்ரையல் பேலன்ஸில் சின்னத் தொகை உதைத்தது. "பைசா ரவுண்டிங்கா இருக்கும் சார், விட்டுடலாம்" என்றேன். சீனியர் முறைத்தார். "சஸ்பென்ஸ்ல போடு தம்பி. பார்ட்டியோட ஸ்டேட்மென்ட் வரட்டும், அப்புறம் பேசலாம்" என்றார். ஸ்டேட்மென்ட் வந்தது. என் என்ட்ரிதான் தப்பு :-) காவலூரின் ஒளிச்சரிவும் அப்படி ஒரு தொகைதான். அவர்கள் அதை மேகம், கருவிக் கோளாறு என்று தள்ளிவிடாமல் எழுதி வைத்தார்கள். மற்ற இடங்களின் கணக்கு வந்ததும் திருத்திக்கொண்டார்கள். ஒரு புத்தகத்தை இன்னொரு புத்தகத்தோடு ஒத்துப்பார்க்காமல் எந்தக் கணக்கும் முடியாது, அறிவியல் உட்பட.

இது நமக்குப் புதிதும் இல்லை. 1792-இல் நுங்கம்பாக்கத்தில் கம்பெனியின் வானாய்வகம் வந்தது. வானியல், புவியியல், கப்பல் பயணம் மூன்றையும் வளர்க்க என்றுதான் அதை ஆரம்பித்தார்கள். அங்கே 1852-இல் ஜேக்கப் என்ற அதிகாரி சனியின் மங்கலான உள்வளையத்தின் ஊடாகக் கோளின் உடல் தெரிவதைக் கவனித்தார். வளையம் முழுக்கத் தகடு இல்லை, ஒளி ஊடுருவுகிறது என்பதற்கு அது ஒரு சாட்சி. 1859-இல் வெளியான கட்டுரையில் மேக்ஸ்வெல், சனியின் வளையம் எண்ணற்ற சிறு துண்டுகளாகத்தான் இருக்க முடியும் என்று கணிதத்தால் காட்டினார். அந்த ஆய்வகத்தின் கருங்கல் தூண் இன்னும் நுங்கம்பாக்கம் வானிலை மையத்தில் நிற்கிறது. நம்மில் எத்தனை பேர் பார்த்திருக்கிறோம்?

ராக்கெட் நண்பனுக்கு இன்னும் ஒன்று. 1981-இல் சனிக்குப் போன வாயேஜர் 2 கூட, வளையத்தின் பின்னால் ஒரு நட்சத்திரம் மின்னி மறைவதை அளந்துதான் அதன் நுணுக்கங்களைச் சொன்னது. அதே வாயேஜர் 1986-இல் யுரேனஸின் பெரிய வளையத்துக்கு இரு பக்கமும் இரண்டு குட்டி நிலாக்கள் காவல் காப்பதைப் படமெடுத்தது. கார்டிலியா, ஒஃபீலியா என்று பெயர். 2013-இல் சாரிக்ளோ என்ற சிறு கோளுக்கு வளையம் இருப்பது தென் அமெரிக்காவிலிருந்து இதே மறைப்பு முறையில்தான் தெரிந்தது. 2025-இல் ஜேம்ஸ் வெப் தொலைநோக்கி யுரேனஸுக்கு இன்னொரு நிலாவைக் காட்டியது. குறுக்களவு 10 கிலோமீட்டர்தான் இருக்கும். வேலை இன்னும் முடியவில்லை.

ஆகவே நான் கேட்பது இரண்டு. ஒன்று, காவலூர் கதையைப் பாடப் புத்தகத்தில் முழுசாகச் சொல்லுங்கள், நிலா என்று தப்பாகப் படித்ததையும் சேர்த்து. தப்பை மறைத்த பெருமையைவிட, திருத்திய கணக்குதான் மாணவனுக்கு உதவும். இரண்டு, ஜவ்வாது மலையின் இருட்டைக் காப்பாற்றுங்கள். லடாக்கின் ஹான்லேயில் 2022-இல் இருள் வானக் காப்பகம் என்று அறிவித்தார்கள். விளக்கே வேண்டாம் என்று அர்த்தமில்லை. தரையைப் பார்த்து எரிகிற விளக்கு போதும். அந்த அக்கறை காவலூரைச் சுற்றியும் வேண்டும். எங்கள் வடசென்னை வானம் துறைமுகத்துக்கும் ஆலைக்கும் போய்விட்டது. அதனால் பிழைப்பு நடக்கிறது, இல்லை என்று சொல்லவில்லை. ஆனால் இருட்டு ஒருமுறை போனால் வாங்குவது எவ்வளவு கஷ்டம் என்று எங்களைக் கேளுங்கள், சொல்கிறோம்.

செமஸ்டர் முடிந்ததும் கேன்டீன் நண்பர்கள் இருவரையும் கூட்டிக்கொண்டு ஜவ்வாது மலைக்குப் போகலாம் என்று இருக்கிறேன். வாணியம்பாடி வரைக்கும் ரயில் இருக்கிறது. சண்டையை மிச்சம் அங்கே போட்டுக்கொள்ளலாம்.