பழைய இன்ஜின் வாங்கும் முன் எண்ணைப் படியுங்கள்

ஜொகூரில் தோட்டப்புறமானாலும் பட்டணத்து வீடமைப்புப் பகுதியானாலும், நம்மவர் வாசல்களில் புரோட்டோன் வீராவும் பெரோடுவா கஞ்சிலும் இன்னும் நிற்கின்றன. இரண்டின் தயாரிப்பும் 2009இல் நின்றுவிட்டது. இன்ஜின் பழுதானால் பலர் நாடுவது ‘ஹாஃப் கட்’ கடையைத்தான். 2023 மார்ச்சில் பத்து பகாட், சிகாமட் வட்டாரங்களைப் புரட்டிப்போட்டதைப் போன்ற வெள்ளத்தில் காரை ஓட்டினால், காற்றுக் குழாய் வழியே சிலிண்டருக்குள் தண்ணீர் புகுந்து கனெக்டிங் ராட் வளைந்துவிடும். அதன்பின் மாற்று இன்ஜின் தேடவேண்டியதுதான்.

ஜப்பானில் புதிய காருக்கு 3 ஆண்டிலும், அதன்பின் 2 ஆண்டுக்கு ஒருமுறையும் கட்டாயச் சோதனை உண்டு. அந்தச் செலவைத் தவிர்க்கப் பலர் நல்ல நிலையில் உள்ள காரையே கழித்துவிடுகிறார்கள். அப்படிப்பட்ட கார்கள் பாதியாக வெட்டப்பட்டு இங்கு வருகின்றன. பழைய உதிரிபாக இறக்குமதிக்கு 2011 ஜூன் முதல் தடை என்று 2009இல் அரசு அறிவித்தது, வணிகர்கள் எதிர்த்தனர். வியாபாரம் இன்றும் நடக்கிறது. அதைக் குறை சொல்ல ஒன்றுமில்லை. மலிவான இன்ஜின் ஏழைக் குடும்பத்தின் காரை ஓடவைக்கிறது. சிக்கல் எண்ணில் இருக்கிறது.

இன்ஜின் எண் பிளாக்கின் தட்டையான பரப்பில் குழியாகக் குத்தப்பட்டிருக்கும். புடைத்து நிற்கும் எழுத்துகள் வார்ப்பு எண்கள். ஆயிரக்கணக்கான பிளாக்குகளில் அவை ஒன்றாகவே இருக்கும். மேல்மூடியில் ஒட்டிய ஸ்டிக்கரையும் நம்பக்கூடாது, மூடியைக் கழற்றி மாற்றிவிடலாம்.

குத்திய எண்ணில் இரண்டு பகுதிகள் உண்டு. முதல் பகுதி இன்ஜினின் வகை. புரோட்டோனின் மிட்சுபிஷி இன்ஜின்களில் ‘4ஜி’ என்றால் 4 சிலிண்டர், பெட்ரோல். அடுத்த இரண்டு இலக்கங்கள் கொள்ளளவு என்று பலர் நினைக்கிறார்கள். 4ஜி13 என்பது 1.3 லிட்டர், 4ஜி15 என்பது 1.5 லிட்டர் என்று பொருந்திவருவதால் வந்த மயக்கம் அது. வாஜாவின் 4ஜி18 உண்மையில் 1.6 லிட்டர்தான். 4ஜி93தான் 1.8 லிட்டர், அதாவது 1,834 சிசி.

இரண்டாம் பகுதி வரிசை எண். அது அந்த ஒரே இன்ஜினுக்கு உரியது. கிராண்டில் உள்ள எண்ணோடு ஒத்துப்போக வேண்டும். ‘அதே 4ஜி15தானே போட்டோம்’ என்று பட்டறையில் சொல்வது பாதி உண்மை. வகை ஒன்றானாலும் வரிசை எண் வேறு. அதை ஜேபிஜேயில் பதிந்து மாற்றாவிட்டால் பதிவேட்டில் இருப்பது பழைய இன்ஜின்தான்.

இந்தத் தவறு உடனே வெளிப்படாது. சொந்தக் கார்களுக்கு இங்கு ஆண்டுச் சோதனை இல்லை. பெயர் மாற்றும்போதுதான் பரிசோதனையில் இன்ஜின் எண் பார்க்கப்படுகிறது. இன்ஜினை மாற்றியவர் நிம்மதியாக ஓட்டுவார், பிறகு அதை வாங்கியவர் மாட்டிக்கொள்வார். பணத்தைக் கொடுத்துவிட்டு ‘பெயரைப் பிறகு மாற்றிக்கொள்ளலாம்’ என்று வாய்ப்பேச்சில் கார் வாங்கும் வழக்கம் நம்மிடம் இருப்பதால் அடி நம்மவர் மீதே விழுகிறது. வரிசை எண்ணைச் சுரண்டியோ தேய்த்தோ இருந்தால், திருட்டு இன்ஜினோ என்ற சந்தேகமும் எழும்.

சாலை வரியும் மாறும். 1.5 லிட்டர் வீராவுக்கு ஆண்டுக்கு 90 ரிங்கிட். அதில் 4ஜி93 பொருத்தினால் 297 ரிங்கிட். இதைத் தெரிவிக்காமல் ஓட்டினால், விபத்துக்குப் பின் காப்புறுதி நிறுவனம் கேள்வி கேட்க இடமாகும்.

வாகனச் சோதனையில் 1994 முதல் புஸ்பாகோம் வைத்திருந்த தனியுரிமை 2024 ஆகஸ்டு 31இல் முடிந்தது. சோதனை மையங்கள் பெருகினால் அலைச்சல் குறையலாம். ஆனால் பட்டறையிலேயே தொடங்கும் பிழையை எந்த மையமும் திருத்தாது. இன்ஜின் விற்பவர் ரசீதில் வரிசை எண்ணை எழுதித் தருவதைக் கட்டாயமாக்குவதே இதற்கு வழி.

அதுவரை நாமே கவனமாக இருக்க வேண்டும். இன்ஜினை இறக்கும் முன், எண் உள்ள இடத்தை எண்ணெய்த் துணியால் துடையுங்கள்; அரம் வேண்டாம். படம் எடுத்துக்கொள்ளுங்கள். ரசீதில் முழு எண்ணையும் எழுதச் சொல்லுங்கள், இறக்குமதிக்கான சுங்கப் பத்திர நகலையும் கேளுங்கள். தர மறுக்கும் கடையில் விலை எவ்வளவு குறைவானாலும் வாங்காதீர்கள். பழைய கார் வாங்குவோர் முன்பணம் கொடுப்பதற்கு முன்பே கிராண்டையும் பிளாக்கையும் பக்கத்தில் வைத்து ஒவ்வோர் இலக்கமாக ஒப்பிடுங்கள். அதற்கு ஐந்து நிமிடம் போதும்.