விருந்தினர் மொழியும் வீட்டார் மொழியும்

பல நாட்டு மக்களும் ஓரிடத்திற் கூடி உண்டு உறங்கி ஆடிப்பாடி இருந்தால் மொழிவேற்றுமை தானே கரைந்துபோகும் என்றும், மொழிப்பற்று என்பது வீட்டு வாயிலைத் தாண்டாதவனைப் பற்றிய நோய் என்றும் கூறுவார் உளர். அவர்கள் தம் கூற்றுக்கு முதற்கண் காட்டும் சான்று பன்னாட்டுச் சுற்றுலா. ஒரே கடலில் ஆங்கிலேயனும் செருமானியனும் குளிக்கின்றனர். ஒரே பந்தியில் உண்கின்றனர். ஆங்கே மொழி எங்கே தடையாயிற்று என்பது அவர்தம் வினா. நல்ல வினாவே. அதற்கு விடையை ஏட்டில் தேடாமல், அத்தகைய கூட்டுவாழ்க்கை எழுபது ஆண்டுகளாக நடந்துவரும் ஓரிடத்தை நோக்குவதே முறை.

நடுநிலக்கடலில், இசுபெயின் நாட்டுக் கரைக்குக் கிழக்கே உள்ளது பலேயரித் தீவுக்கூட்டம். மயோர்க்கா, மெனோர்க்கா, இபிசா, பொர்மெந்தேரா என்பன அதன் பெருந்தீவுகள். அங்கு நிலையாக வாழ்வோர் ஏறத்தாழப் பன்னிரண்டு இலக்கம் பேர். 2023ஆம் ஓராண்டில் மட்டும் அங்கு வந்துபோன விருந்தினரோ ஒன்றேமுக்காற் கோடிக்கு மேல். வீட்டாள் ஒருவர்க்கு விருந்தாள் பதினால்வர்! அயல்நாட்டு விருந்தினருள் செருமானியர் முதலிடத்தும் ஆங்கிலேயர் அடுத்தும் நிற்கின்றனர். இவ் விரு மக்களும் இத்துணை நெருக்கமாக, இத்துணை ஓய்வாக, ஒருவரை ஒருவர் காணும் வாய்ப்பு அரிது.

ஆயின் அவர்கள் காண்பதில்லை. மயோர்க்காவின் தலைநகர் பால்மா. அதற்கு மேற்கே மகலூபு என்னும் கடற்கரை. கிழக்கே அரெனால் என்னும் கடற்கரை. முன்னது ஆங்கிலேயர்க்கு, பின்னது செருமானியர்க்கு. எச் சட்டமும் அவ்வாறு பிரிக்கவில்லை. வணிகம் பிரித்தது. 1950இல் விளாதிமிர் இரைட்சு என்பார் இலண்டனிலிருந்து கோர்சிக்காத் தீவுக்கு வானூர்தி, தங்கல், உணவு எல்லாவற்றுக்கும் ஒரே விலை வைத்து மக்களை ஏற்றிச் சென்றார். 1952இல் பால்மாவுக்கும் அவ்வாறே கொண்டுவந்தார். பின்னர் ஒவ்வொரு நாட்டிலும் இத்தகைய நிறுவனங்கள் முளைத்தன. அவை விடுதி அறைகளை நூற்றுக்கணக்கில் மொத்தமாக ஒப்பந்தம் பேசிக்கொண்டன. ஓர் ஆங்கில நிறுவனத்தை நம்பிப் பிழைக்கும் விடுதியில் சமையலும் ஆங்கிலச் சமையலாயிற்று. தொலைக்காட்சியும் மதுக்கடையும் ஆங்கிலமாயின. செருமானிய விடுதியிலும் இதே கதை. 1962இல் ஆங்கிலேயர்க்கென ஆங்கில நாளிதழ் ஒன்று தீவிலேயே தோன்றியது; 1971இல் செருமானியர்க்கெனச் செருமானியக் கிழமையிதழ் வந்தது. இரண்டு கிழமை தங்கி, ஒரு வேற்றுமொழிச் சொல்லும் காதில் விழாமல் ஒருவன் வீடு திரும்பலாம். அவன் கடல் கடந்து போனான் என்பதற்கு அவன் தோலிற் படிந்த வெயில் ஒன்றே சான்று.

இரு மக்களும் கலந்து தங்கும் விடுதிகளும் உள. ஆங்குதான் புகழ்பெற்ற துண்டுப் போர் நடக்கின்றது. செருமானியர் விடியலில் எழுந்து நீச்சற்குளத்து ஓரத்துச் சாய்விருக்கைகளின்மேல் தம் துண்டுகளை விரித்து இடம் பிடித்துவிட்டுக் காலையுணவுக்குச் செல்வர் என்பது ஆங்கில இதழ்கள் கோடைதோறும் பாடும் பாட்டு. ஆங்கிலேயரும் அதைக் கற்றுக்கொண்டு செய்கின்றனர் என்பதை அவ் விதழ்கள் மெல்லச் சொல்லும். இதில் நகைப்பதற்கு இடமிருப்பினும் நோக்கத்தக்க உண்மையும் ஒன்றுண்டு. யார் முன்னர் வந்து நிற்கின்றாரோ அவர்க்கே இடம் என்பது ஆங்கிலேயன் வரிசை நிற்றலில் கற்ற ஒழுங்கு. அடையாளம் இட்டு முன்பதிவு செய்ததை அடுத்தவன் தொடலாகாது என்பது மற்றவன் கொண்ட ஒழுங்கு. மோதுவன இரண்டு ஒழுங்குகள்; ஒழுங்கும் ஒழுங்கின்மையும் அல்ல. இரண்டு சொல் பேசினால் தீர்ந்துவிடும் சிக்கல் இது. செருமானியருள் ஆங்கிலம் அறிந்தார் பலர். ஆங்கிலேயருள் செருமானியம் அறிந்தாரோ அரியர். பேச்சு ஒருவன் மொழியில் மட்டுமே நடக்க வேண்டும் என்னும்போது, மற்றவனுக்கு வாய் திறப்பதினும் துண்டை விரிப்பது எளிதாகின்றது. இரவுணவிலும் அப்படியே. செருமானியன் மாலை ஆறு மணிக்கே பசித்து வருகின்றான். இசுபானியக் குடும்பமோ ஒன்பது மணிக்கு முன் உண்ணுவதைக் குழந்தைகளுக்குரியது என்று கருதுகின்றது. ஒரே கூடம், மூன்று காலம், ஒருவர் முகத்தை ஒருவர் பாராத பந்தி.

இத் தடைகளை நீக்க விடுதியார் ஒன்றும் செய்யவில்லையோ எனின், செய்தனர். மொழி தடையாயிருக்கின்றது என்று கண்டு, மொழியையே எடுத்துவிட்டனர். உணவைக் கேட்டு வாங்கத் தேவையில்லாதபடி எல்லாவற்றையும் நீண்ட பலகையிற் பரப்பி வைத்தனர். வேண்டியதைத் தானே எடுத்துக்கொள்ளலாம். உணவுப் பட்டியலிற் பெயருக்கு மாற்றாகப் படம் வந்தது. கையில் ஒரு வண்ணப் பட்டை கட்டப்பட்டது. அதை நீட்டினால் மது வரும். 'தருக' என்றோ 'நன்றி' என்றோ சொல்ல வேண்டுவதில்லை. இவ்வாறு வாய்மூடிக் குடித்த குடி அளவு மீறிப் போகவே, 2020இல் தீவரசு மகலூபு, அரெனால் முதலிய இடங்களில் இத்தகைய மொத்தவிலைத் திட்டத்தில் நாளொன்றுக்கு ஆறு கோப்பைக்கு மேல் கொடுக்கலாகாது என்று சட்டம் இயற்றியது. ஆங்கிலேயனையும் செருமானியனையும் ஒரே வரியிற் சேர்த்துப் பேசிய ஏடு அச் சட்டம் ஒன்றே போலும்!

விருந்தினரைக் கலக்க வைக்கும் முயற்சியும் இத் தீவிலேயே நடந்ததுண்டு. 1950இல் பெல்சியத்தைச் சேர்ந்த செரார் பிளிட்சு என்பவர் மயோர்க்காவின் அல்கூதியாவில் கூடாரங்கள் அடித்து 'மெதித்தெரானே கழக'த்தின் முதல் ஊரை அமைத்தார். முதலாளி, தொழிலாளி என்னும் வேறுபாடின்றி அனைவரும் ஒருவரை ஒருவர் 'நீ' என்றே விளித்தனர். பந்தியில் அறிமுகமில்லாதாரோடு கலந்தமர்ந்து உண்டனர். வகுப்பு வேலி அங்கு ஓரளவு சாய்ந்தது மெய். ஆயின் அந்த 'நீ' பிரெஞ்சு மொழியின் 'நீ'. அதை அறியாதவனுக்கு அக் கூடாரத்துள் இடமில்லை.

இனி, இவ் வூமைக் கூட்டத்தின் நடுவே பல மொழியும் பேசியாக வேண்டிய ஒருவன் இருக்கின்றான். அவன் உணவு பரிமாறும் பணியாள். ஆங்கிலத்தில் ஐம்பது சொல், செருமானியத்தில் ஐம்பது சொல், பிரெஞ்சில் முப்பது சொல் என்று அவன் நாவில் அடுக்கி வைத்திருக்கின்றான். விருந்தினர் கற்காத மொழியை எல்லாம் அவன் ஒருவனே கற்றாக வேண்டும். அவர்கள் தமக்குள் பேசாமல் மிச்சப்படுத்திய உழைப்பு முழுவதும் அவன் தலையில் விழுகின்றது. அவன் பேசாத மொழி ஒன்றே ஒன்றுதான். அது அத் தீவின் மொழி.

மயோர்க்காவின் மொழி காட்டலான். 1229இல் அரகோன் மன்னர் முதலாம் சாமே தீவை வென்றபோது குடியேறியவர்களோடு வந்து வேரூன்றியது அது. பதின்மூன்றாம் நூற்றாண்டில் பால்மாவிற் பிறந்த இரமோன் இலுல், இலத்தீனே அறிவுமொழி என்றிருந்த காலத்தில், மெய்ப்பொருளியல் நூல்களைக் காட்டலானில் எழுதினார். அதன்பின் நேர்ந்த இழப்புகள் நெடியன. 1715ஆம் ஆண்டின் அரசாணை தீவின் பழைய ஆட்சியுரிமைகளை ஒழித்துக் காசுத்தீலிய மொழியைப் புகுத்தியது. 1939 முதல் 1975 வரை பிராங்கோவின் கொடுங்கோலாட்சி காட்டலானைப் பள்ளியிலிருந்தும் அலுவலகத்திலிருந்தும் துரத்தியது. அதே ஆட்சிதான் கடற்கரைகளை விருந்தினர்க்குத் திறந்துவிட்டதும். விடுதிகள் எழுந்தன, வேலைக்கு ஆள் போதவில்லை, தெற்கே அந்தலூசியாவிலிருந்து வறுமையால் வாடிய உழைப்பாளர் ஆயிரமாயிரமாக வந்தனர். அவர்கள் பேசியது காசுத்தீலியம். அவர்களைப் பழிப்பது அறமன்று; வயிற்றுக்காக வந்தவர்களுக்குத் தீவின் மொழியைக் கற்பிக்கும் பள்ளி ஒன்றையும் அன்றைய அரசு வைக்கவில்லை. 1983இல் தன்னாட்சிச் சட்டமும் 1986இல் மொழிச் சட்டமும் காட்டலானுக்கு ஆட்சிமொழி உரிமையை மீட்டளித்தன. எனினும் 2014இல் எடுத்த மொழிக் கணக்கெடுப்பில், காட்டலானைத் தாய்மொழியாகக் கொண்டோர் தீவு மக்களிற் பாதிக்கும் குறைவே என்று தெரியவந்தது.

இவ் விழப்பின் நடுவிலும் உழைத்தவர் உளர். அந்தோனி மரியா அல்கோவெர் என்னும் மயோர்க்காக் குருவானவர் 1901இல் காட்டலான் மொழியின் சொற்களை எல்லாம் ஊரூராகத் திரட்ட வருமாறு மக்களை அழைத்தார். அவர் மறைந்தபின் பிரான்செசுக்கு மோல் அப் பணியைத் தொடர்ந்தார். பத்து மடலங்கள் கொண்ட அப் பேரகரமுதலி நிறைவெய்திய ஆண்டு 1962. விருந்தினர்க்கென ஆங்கில நாளிதழ் தோன்றியதும் அதே ஆண்டு. இவற்றுள் எது விடுதிகளின் முகப்பறையில் கிடந்தது என்று சொல்ல வேண்டுவதில்லை.

மொழி போனால் பெயரும் போகும். அரெனால் கடற்கரையில் குளிப்போர்க்கான சிறு கடைகள் வரிசையாக எண்ணிடப்பட்டிருந்தன. இசுபானியத்தில் அவற்றுக்குப் 'பல்னேயாரியோ' என்று பெயர். ஆறாம் எண் கடையில் கூடிக் குடித்த செருமானியர்க்கு அச் சொல் நாவில் வரவில்லை. தம் மொழிக்கு இசைய 'பல்லர்மன்' ஆக்கினர். இன்று அப் பகுதி முழுதுமே செருமனியில் அப் பெயரால் அறியப்படுகின்றது. அண்டையில் ஒரு தெரு, பார்த்தொமெவு சால்வா என்னும் துறவியார் பெயரைத் தாங்கியது. செருமானியர் அதற்கு இட்ட பெயர் 'பன்றித்தொடைத் தெரு'. மிக்கேல் பெலீசா என்பார் பெயரால் அமைந்த தெரு 'பீர்த் தெரு' ஆயிற்று. ஊரார் ஒரு துறவியை நினைந்து வைத்த பெயரை, அவர் யாரென்று ஒரு நாளும் கேளாமல், உண்ட பன்றியின் பெயரால் மாற்றுவதற்கு எத்துணை அமைதியான மனம் வேண்டும்! வன்மத்தால் செய்ததன்று, வாசிக்கத் தோன்றாமையால் செய்தது. அதுவே மிகக் கொடியது. பதினாறு மாநிலங்களைக் கொண்ட செருமனியில் மயோர்க்காவைப் 'பதினேழாம் மாநிலம்' என்று சொல்லிச் சிரிப்பதும் வழக்கம். அந்த நகைச்சுவை தீவார்க்கு விளங்காமல் இல்லை.

சுற்றுலா வணிகம் தோன்றுமுன்னரும் இத்தகைய விருந்தினர் வந்ததுண்டு. 1838-39 குளிர்காலத்தில் இசைஞர் சோப்பானோடு வால்தெமோசாவில் தங்கிய பிரெஞ்சு எழுத்தாளர் சார்சு சாந்து, ஊரார் மொழியையும் வாழ்வையும் அறிய முயலாமலே அவர்களை இழித்து ஒரு நூல் எழுதினார். இன்று அந் நூலை அவ் வூர்க் கடைகளிலேயே பல மொழிகளில் அச்சிட்டு விருந்தினர்க்கு விற்கின்றனர். வணிகத்துக்குத்தான் எத்துணைப் பொறுமை!

ஆயின் விருந்தினர் எல்லாரும் அத்தகையர் அல்லர். இலத்தீனில் 'ஓசுபெசு' என்னும் ஒரே சொல் விருந்தாக வந்தவனையும் விருந்தோம்புவானையும் குறிக்கும். கடமை இருபாலும் உண்டு என்று பண்டையோர் கருதினர் போலும். அக் கடமையை உணர்ந்தவர் ஆத்திரிய அரச குடும்பத்து உலூதுவிக்கு சால்வத்தோர். அவர் 1867இல் மயோர்க்காவுக்கு வந்தார். தீவின் பேச்சைக் கற்றார். உழவரோடும் மீனவரோடும் அவர்கள் மொழியிலேயே பேசினார். பலேயரித் தீவுகளைப் பற்றிப் பெருநூல் எழுதியதோடு, பாட்டிமார் சொல்லிய கதைகளைத் திரட்டி, 1895இல் தீவின் மொழியிலும் மறு ஆண்டு செருமானியத்திலும் வெளியிட்டார். அவர் 1872இல் விலைக்கு வாங்கி வாழ்ந்த இடம் மிராமார். அஃது இரமோன் இலுல் 1276இல் துறவியர்க்கு அரபு மொழி கற்பிக்கப் பள்ளி நிறுவிய இடம். இலுலின் நோக்கம் சமயம் மாற்றுவதே. அதை மறைக்க வேண்டியதில்லை. எனினும் ஒருவனிடம் பேசப் போகுமுன் அவன் மொழியை ஆண்டுக்கணக்கிற் கற்க வேண்டும் என்று எழுநூறு ஆண்டுகட்கு முன் அத் தீவு எண்ணியது. அதே தீவில் இன்று பதினான்கு நாள் தங்குவோன் 'வணக்கம்' என்ற ஒரு சொல்லையும் கற்பதில்லை.

விருந்தினர் கல்லாமையின் விலையை யார் தருவது? 2013இல் அது வெளிப்படையாகவே கேட்கப்பட்டது. அன்றைய தீவரசு, பள்ளிப் பாடங்களைக் காட்டலான், காசுத்தீலியம், ஆங்கிலம் என மூன்றுக்கும் பங்கிட்டு ஆணை பிறப்பித்தது. பிள்ளைகள் உலகத்தோடு பேச ஆங்கிலம் வேண்டும் என்பது சொன்ன கரணியம். குறைந்தது காட்டலான் வழிக் கல்வி. ஆசிரியர்கள் வேலைநிறுத்தம் செய்தனர். அவ் வாண்டு செப்தம்பர் 29ஆம் நாள் பால்மாத் தெருக்களில் பல்லாயிரவர் பச்சைச் சட்டை அணிந்து திரண்டனர். பெற்றோரும் பிள்ளைகளும் சேர்ந்தே நடந்தனர். அவர்களுள் ஆங்கிலத்தை வெறுத்தவர் இலர். விடுதியில் நாளும் ஆங்கிலம் பேசிப் பிழைப்போரே பலர். வேலைக்குரிய மொழியை வேலைக்கு வைத்துக்கொள்வோம், அறிவுக்குரிய மொழியைப் பிடுங்காதீர் என்பதே அவர்கள் வழக்கு. 2014இல் முறைமன்றம் அவ் வாணையைச் செல்லாதென்றது. 2015இல் வந்த புதிய அரசு அதனைக் கைவிட்டது.

2023ஆம் ஆண்டு ஆகத்து மாதத்தில் மயோர்க்காவின் மனக்கோர்ப் பகுதிக் கடற்கரைகளில் அரசு அறிவிப்புப் போன்ற பலகைகள் சில தோன்றின. பெரிய எழுத்தில் ஆங்கிலம்: கொடிய சொறிமீன்கள் உள்ளன, பாறை சரியும், கடற்கரை மூடப்பட்டது என்று. அடியில் சிறிய எழுத்தில் காட்டலான்: கரை திறந்தே உள்ளது, சிக்கல் கூட்டநெரிசலே என்று. உள்ளூர்க் குழு ஒன்றின் வேலை அது. செய்தி பல நாடுகளுக்கும் பரவியது. பலகையில் என்னதான் எழுதியிருந்தது என்பதைத் தம் மக்களுக்கு உணர்த்த, இலண்டன் இதழ்கள் அச் சிறிய வரிகளைக் காட்டலானிலிருந்து மொழிபெயர்த்து வெளியிட்டன.