பக்தியைக் குலைத்தது சங்கமா?

‘இரண்டாம் வத்திக்கான் சங்கம்தான் திருஅவையின் பக்தியைக் குலைத்தது, பழைய லத்தீன் பூசைக்குத் திரும்பினால் எல்லாம் சரியாகிவிடும்.’ ஒருகாலத்தில் ஐரோப்பாவிலும் அமெரிக்காவிலும் சில குழுக்களுக்குள் மட்டும் கேட்ட பேச்சு இது. இன்று நம் பங்குகளில், கல்லூரிக்குப் போகும் பிள்ளைகளே இதைச் சொல்கிறார்கள். அவர்களுடைய ஆன்மத் தாகம் உண்மையானது, அதை மதிக்கிறேன். ஆனால் அவர்களுக்குச் சொல்லித்தரப்படும் வரலாறு தவறு.

முதல் வாதம், லத்தீன் பூசை திருத்தூதர் காலந்தொட்டு மாறாமல் வந்தது என்பது. உரோமைக் கிறிஸ்தவர்கள் தொடக்கத்தில் வழிபட்டது கிரேக்க மொழியில். அவர்களிடையே லத்தீன் பேசுவோர் பெருகிய பிறகு, 4ஆம் நூற்றாண்டு வாக்கில், வழிபாடும் லத்தீனுக்கு மாறியது. மக்களுக்குப் புரிந்த மொழி என்பதால்தான் லத்தீன் பீடத்துக்கே வந்தது. 1570இல் திருத்தந்தை ஐந்தாம் பயஸ் வெளியிட்ட திருப்பலி நூலும் அப்படியே நின்றுவிடவில்லை. 1604இலும் 1634இலும் அதைத் திருத்தினார்கள். 1955இல் பன்னிரண்டாம் பயஸ் புனித வாரச் சடங்குகளையே மாற்றி அமைத்தார். பழைய பூசையை நாடுவோர் இன்று பெரும்பாலும் பயன்படுத்துவது 1962ஆம் ஆண்டுப் பதிப்பு. அது இந்தத் திருத்தங்களையெல்லாம் உள்வாங்கிய நூல்.

சங்கம் லத்தீனை ஒழித்துக்கட்டியது என்பது அடுத்த குற்றச்சாட்டு. திருவழிபாட்டு ஏடு 1963 டிசம்பர் 4 அன்று 2,147 வாக்குகளுடன் நிறைவேறியது; எதிர்த்தவை 4. அதன் 36ஆம் எண் லத்தீனைக் காக்கச் சொல்கிறது. 116ஆம் எண் கிரகோரியன் இசைக்கு முதலிடம் தருகிறது. மக்கள் மொழிக்கும் இடம் கொடுங்கள் என்றுதான் ஆயர்கள் கேட்டார்கள். நடைமுறையில் லத்தீன் அறவே மறைந்துபோன இடங்கள் உண்டு. அதைக் குறையென்று சொல்பவர்கள் சங்கத்தின் ஏட்டைக் காட்டியே சொல்லலாம். சங்கத்தைப் பழிக்க வேண்டியதில்லை.

‘அந்தக் காலத்து பக்தி இப்போது இல்லை’ என்பதுதான் நம் வீடுகளில் அதிகம் கேட்கும் வாதம். இதற்குச் சற்று விரிவாகவே பதில் சொல்ல வேண்டும். எந்தக் காலத்து பக்தி? நற்கருணை வாங்குவதே அரிதாகிப்போனதால், ஆண்டுக்கு ஒருமுறையாவது பாஸ்கா காலத்தில் வாங்க வேண்டும் என்று 1215இல் நான்காம் இலாத்தரன் சங்கம் சட்டம் போட வேண்டியிருந்தது. அடிக்கடி, நாள்தோறும்கூட நற்கருணை வாங்குங்கள் என்று 1905இல் பத்தாம் பயஸ் ஊக்கப்படுத்திய பிறகுதான் நிலைமை மாறத் தொடங்கியது. 1910இல் அவரே, ஏறக்குறைய ஏழு வயதுக் குழந்தைகளுக்கும் நற்கருணையைத் திறந்துவிட்டார். இன்று ஞாயிறுதோறும் குடும்பமாக வரிசையில் நின்று நற்கருணை வாங்குகிறோமே, அது பழைய வழக்கம் அல்ல. சீர்திருத்தம் தந்த கொடை.

இறைவார்த்தையும் அப்படித்தான். பழைய முறையில் ஞாயிறுகளில் பழைய ஏற்பாட்டு வாசகம் ஏறக்குறைய இல்லை. ஆண்டுக்கு ஆண்டு அதே பகுதிகள் திரும்ப வரும். 1969இல் வந்த வாசக நூல் ஞாயிறுகளுக்கு மூன்றாண்டுச் சுழற்சியைத் தந்தது. எசாயாவும் எரேமியாவும் ஆமோசும் நம் பங்கு மக்களின் காதுக்கு எட்டியது அதன் பிறகுதான்.

தமிழ் மண்ணில் இந்தக் கதைக்கு இன்னொரு முகமும் உண்டு. 1578இல் கொல்லத்தில் அண்டிரிக் அடிகளாரின் ‘தம்பிரான் வணக்கம்’ என்ற தமிழ் நூல் அச்சேறியது. அன்று தொடங்கி நம் முன்னோர் செபித்தது தமிழில்தான். ஆனால் பீடத்தில் குரு லத்தீனில் பூசை செய்துகொண்டிருக்க, கீழே மக்கள் செபமாலை உருட்டிக்கொண்டிருந்தார்கள். அவர்கள் பக்தியைக் குறைத்துப் பேச எனக்கு மனம் வராது. ஆனால் பூசை ஒரு பக்கமும் செபம் இன்னொரு பக்கமுமாகப் பிரிந்து கிடந்ததைப் பொற்காலம் என்று சொல்லவும் முடியாது.

பிரிந்து கிடந்தது மொழி மட்டுமா? வடக்கன்குளத்தில் 19ஆம் நூற்றாண்டில் கட்டிய கோயிலில் சாதிக்கொரு பக்கம், நடுவே சுவர். 1910இல் இயேசு சபைக் குரு கௌசானல் அதை இடிக்க வைத்தார். இடித்தது தவறென்று நீதிமன்றம் போனவர்கள் சென்னை உயர் நீதிமன்றம் வரை போய்த் தோற்றார்கள். அந்தச் சுவரின் இருபுறமும் ஒரே லத்தீன் பூசைதான் கேட்டது. சாதி இன்றும் நம் கல்லறைகளை விட்டுப் போகவில்லை. அதற்கான மருந்து பழைய மொழியில் இல்லை.

‘சங்கத்துக்குப் பிறகு கோயில்கள் காலியாகிவிட்டன’ என்கிறார்கள். மேற்கு ஐரோப்பாவில் கூட்டம் குறைந்தது உண்மை. ஆனால் வத்திக்கான் சங்கத்தோடு தொடர்பே இல்லாத அங்கிலிக்கன், லூத்தரன் சபைகளும் அதே நாடுகளில் அதே காலத்தில் சுருங்கின. அதே சங்கத்தை ஏற்ற ஆப்பிரிக்காவிலோ திருஅவை பன்மடங்கு பெருகி, இன்று 25 கோடிக்கும் மேற்பட்ட கத்தோலிக்கர் இருக்கிறார்கள். ஒரே காரணம் ஓரிடத்தில் அழிவையும் இன்னோரிடத்தில் வளர்ச்சியையும் தந்தது என்றால், நாம் வேறு காரணங்களைத் தேட வேண்டும்.

கடைசியாக, 2021 முதல் 2024 வரை மக்களிடமும் கருத்துக் கேட்டு நடந்த ஆயர் மாமன்றத்தைக் காட்டி, ‘திருஅவை சனநாயகம் அல்ல’ என்கிறார்கள். வாக்கெடுப்பால் விசுவாசம் தீர்மானமாகாது என்பது சரி. ஆனால் மக்களைக் கேட்பது புதுமை அல்ல. குருக்களின் ஆலோசனையும் மக்களின் இசைவும் இல்லாமல் தன் விருப்பப்படி எதையும் செய்வதில்லை என்று முடிவெடுத்திருந்ததாக 3ஆம் நூற்றாண்டிலேயே கார்த்தேஜ் ஆயர் சிப்பிரியான் எழுதியிருக்கிறார். 2023 மாமன்றத்தில் பெண்கள் முதன்முறையாக வாக்களித்தது அந்தப் பழைய வழியின் நீட்சிதான்.

இளையோர் சொல்லும் குறை ஒன்று முற்றிலும் நியாயமானது. ஒலிபெருக்கி இரைச்சல், சினிமா மெட்டில் பாட்டு, தயாரிக்காத மறையுரை, ஒரு நொடிகூட அமைதி இல்லாத திருப்பலி: இவற்றால் மனம் நொந்துதான் அவர்கள் லத்தீனைத் தேடுகிறார்கள். ஆனால் வாசகங்களுக்குப் பிறகும் நற்கருணைக்குப் பிறகும் மௌனம் வேண்டும் என்று இன்றைய திருப்பலி நூலே சொல்கிறது. நாம்தான் கடைப்பிடிக்கவில்லை. வழிபாட்டில் மட்டுமல்ல, பங்கு நிர்வாகத்திலும் இதே கதைதான். ஒவ்வொரு பங்கிலும் நிதிக்குழு இருக்க வேண்டும் என்று 1983ஆம் ஆண்டுத் திருஅவைச் சட்டத்தின் 537ஆம் எண் கட்டளையிடுகிறது. அது பெயருக்கு இருக்கும் பங்குகள் எத்தனை! அன்பியங்கள் என்னும் சிறு கிறிஸ்தவ சமூகங்களைத் தொடங்கினோம், பல இடங்களில் அவை மாதத்துக்கு ஒரு செபமாலையோடு நின்றுவிட்டன.

ஆகவே தம்பி, தங்கைகளே, கோபப்படுங்கள். ஆனால் சரியான இடத்தில். உங்கள் பங்குத்தந்தையிடம் போய் மூன்று கேள்வி கேளுங்கள்: நிதிக்குழு கடைசியாக எப்போது கூடியது? திருப்பலியில் நமக்கு மௌனம் எப்போது கிடைக்கும்? கல்லறையில் எல்லாருக்கும் ஒரே இடம் உண்டா? பதில் வரும்வரை கேட்டுக்கொண்டே இருங்கள்.