தேவையான அளவு உப்பு

சமையல் ஓர் அரிய கலை என்பதை மறுப்பார் எவருமிலர். அக்கலையைத் தொலைக்காட்சி வீடுதோறும் கொண்டு வந்திருப்பதையும் நாம் குறை கூறவில்லை. 2019 ஆம் ஆண்டில் விஜய் தொலைக்காட்சி தொடங்கிய ‘குக்கு வித் கோமாளி’யும், 2021 இல் விஜய் சேதுபதியைக் கொண்டு சன் தொலைக்காட்சி நடத்திய ‘மாஸ்டர் செஃப்’ நிகழ்ச்சியும் கடல் கடந்து நம் புத்தளக் கரையோரத்து இல்லங்களுக்கும் வந்தன. அவற்றைக் கண்டு ஆடவரும் அகப்பை பிடிக்க முன்வருவரேல், அது நன்மையே.

ஆயினும், இத்தகைய நிகழ்ச்சிகளில் ஓயாது ஒலிக்கும் ஒரு தொடரை அன்பர்கள் சற்றே எண்ணிப் பார்த்தல் வேண்டும். “உப்பு, தேவையான அளவு” என்பதே அது. அந்த உப்பு எங்கே விளைந்தது? வெயிலில் நின்று அதனை வாரியவர் யார்? அவருக்குக் கிடைத்த கூலி என்ன? இவற்றுள் ஒன்றையேனும் சின்னத்திரை கேட்பதில்லை. அதன் உலகம் அடுப்பில் தொடங்கித் தட்டில் முடிந்து விடுகிறது.

நாற்புறமும் கடல் சூழ்ந்த இத்தீவு 2025 ஆம் ஆண்டில் இந்தியாவிலிருந்து உப்பை இறக்குமதி செய்தது! மிகுமழையால் உப்பளங்களில் விளைச்சல் குன்றியதே காரணம். பாத்தியில் உப்பு விளையாத நாளில் வாருவோனுக்கு வேலை ஏது? அதே ஆண்டில் ஒரு தேங்காயின் விலை இருநூறு ரூபாவைத் தாண்டியது. தென்னை முக்கோணத்தின் ஒரு முனையாகிய நம் மாவட்டத்திலேயே ஏழையின் கறிச்சட்டி பாலின்றி வாடியது. சமையல் நிகழ்ச்சிகளோ முதற்பாலையும் இரண்டாம் பாலையும் அளந்து ஊற்றிக் கொண்டேயிருந்தன.

இனி, அலங்காரக் கேக்கின் கதையைப் பார்ப்போம். கைப்பையா, கேக்கா? செருப்பா, கேக்கா? இதனைக் கண்டுபிடிப்பதையே போட்டியாக்கி 2022 இல் ‘நெட்ஃபிளிக்ஸ்’ ஒரு நிகழ்ச்சி வெளியிட்டது. இன்று நம்மவர் திருமணங்களிலும் பிறந்தநாள்களிலும் அத்தகைய உருவக் கேக்குகள் வீற்றிருக்கின்றன. வீட்டிலிருந்தபடியே அவற்றைச் செய்து பிழைக்கும் பெண்களின் கைத்திறனை நாம் போற்றுகிறோம். கேக் நமக்கு அந்நியமுமன்று. ரவையும் முந்திரிப் பருப்பும் பூசணி அல்வாவும் சேர்ந்த நத்தார்க் கேக், சிலாபம் முதல் கற்பிட்டி வரை வாழும் கத்தோலிக்க மக்களின் பழைய செல்வம். அந்த முந்திரி நம் மாவட்டத்து மண்ணில் விளைவது. சீனிப் பசையும் சாயமும் போர்த்திய புதிய கேக்கில் நம் உழவனுக்குரிய பங்கு எத்துணை? கோதுமை இங்கே விளைவதில்லை. சீனியிற் பெரும்பகுதியும் கப்பலில் வருவது. 2022 செப்டெம்பரில் உணவுப் பணவீக்கம் நூற்றுக்கு 90 ஐக் கடந்தபோது பட்ட பாட்டை அதற்குள் மறந்தோமா? அண்டை வீட்டாருக்கு ஈடாகக் கடன் வாங்கியேனும் கேக் வெட்ட வேண்டுமென்பது நாகரிகமா, அடிமைத்தனமா?

உணவை மதிப்பதென்பது அதை விளைவிப்போரை மதிப்பதேயாகும். ஆகவே, 1982 முதல் அரச நிறுவனமாக இயங்கிவரும் ரூபவாஹினியிடம் நாம் ஒன்று கேட்கிறோம். பாலாவி உப்பளத்துக்கும், கற்பிட்டி வெங்காயத் தோட்டத்துக்கும், உடப்புக் கரைவலைக்கும் உங்கள் படக்கருவி வரட்டும். விளைவிப்பவர் தம் தமிழிலேயே தம் உழைப்பையும் விலையையும் பேசட்டும். அதன் பின்னர் அடுப்பு மூட்டுங்கள்!

கற்றறிந்த நம்மவரிடமும் ஒரு வேண்டுகோள். உங்கள் இல்லத்து மங்கல நிகழ்ச்சிகளில் நம் மண்ணின் முந்திரிக்கும் தேங்காய்க்கும் பனங்கட்டிக்கும் முதலிடம் கொடுங்கள். நீங்கள் வழிகாட்டினால் ஊர் பின்தொடரும். ஏழையின் கடனும் குறையும்.

உப்பிட்டவரை உள்ளளவும் நினைக்கச் சொன்ன இனம், உப்பை விளைவித்தவரை மறக்கலாமா?